மடியோடு தைத்த ஏப்ரன்

சனிக்கிழமை காலை ஓர்லின் ஹவ்கன் தன் மாடுகளிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

மனிதர்களிடம் பேசாமல் இருப்பது அவனுக்குப் புதிதில்லை. அவன் ஊரான நோர்டால் பக்கத்தில் அது ஆண்பிள்ளை லட்சணம். ஆனால் மாடுகளிடம் அவன் எல்லாம் சொல்வான். மழையைப் பற்றிச் சொல்வான், பாதிரியாரின் நீளமான பிரசங்கத்தைப் பற்றிச் சொல்வான், அண்ணன் கென்னத் வாங்கிய புது டிராக்டரின் நிறம் சகிக்கவில்லை என்று சொல்வான். அன்று வாயைத் திறக்காமல் பால் கறந்து முடித்தான். மாடுகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

சாயங்காலம் சர்ச்சில் இலையுதிர்கால விருந்து. அதற்குக் கட்ட வேண்டிய சமையல் ஏப்ரனின் கீழ் ஓரமோ இன்னும் தைக்கப்படாமல் கிடந்தது.

போன வாரம் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர்லினின் மனைவி லவான் கோழிக்கூண்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். செய்தி ஊருக்குப் போவதற்கு முன்பே, மூடிபோட்ட பாத்திரத்தில் சுடச்சுட சாப்பாட்டோடு வந்து இறங்கினாள் கென்னத்தின் மனைவி மார்லிஸ். லவானுக்கு ஓரகத்தி. வந்தவள் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொடுத்து, தேன் சொட்டச் சொட்டச் சொன்னாள்:

"நீ ஒண்ணும் கவலைப்படாதே, லவான். விருந்துக்கு கிரேவியை நான் பார்த்துக்கறேன்."

எலும்பு முறிந்தபோது அழாத லவான், அந்த வார்த்தைக்கு அன்று ராத்திரி அழுதாள்.

அழத்தான் செய்வாள். அந்த விருந்துக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். இறைச்சி உருண்டை, மசித்த உருளைக்கிழங்கு, அதன் தலையில் லவானின் கிரேவி. கிரேவி அடுப்பு அவள் கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து அவளுடைய இடம். பக்கத்து அடுப்பில் உருளைக்கிழங்கு மசிப்பவள் மார்லிஸ். அத்தனை வருடமும் மசித்துக்கொண்டே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமையலறையின் சட்டம் மாவட்டச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது. அடுப்புக்காரி வர முடியாவிட்டால் அவள் வீட்டு ஆள் ஒருவர் வந்து நிற்கலாம். யாரும் நிற்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போகும். போனால் போனதுதான், திரும்பி வராது. அடுத்தது, யார் வந்து நின்றாலும் தன் கையால் தைத்த ஏப்ரனோடு நிற்க வேண்டும். கடையில் வாங்கிய ஏப்ரனோடு வந்த பாதிரியாரின் மனைவியையே தட்டுக் கழுவ அனுப்பியவர், சமையலறைத் தலைவி போர்கில்ட் ட்வெய்ட்.

லவானின் ஒரே மகள் ஐலீன் மினியாபொலிஸ் நகரத்தில். அவள் வீட்டை விட்டுப் போனதே ஒரு சண்டை. போன வசந்தத்தில், "பண்ணையை உன்னோட சேர்ந்து நான் பார்த்துக்கறேம்ப்பா" என்று வந்து நின்றாள். "கொட்டகை பொம்பளைங்க இடம் இல்ல" என்று ஓர்லின் ஒரே வரியில் முடித்துவிட்டான். மறுநாள் பஸ்ஸில் ஏறிப் போனவள், அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி.

ஆக, வீட்டில் மீதி இருந்த ஆள் ஒன்றே ஒன்று. லவான் அழுது முடித்த பிறகு, இருட்டில் விட்டத்தைப் பார்த்தபடி அந்த ஆள் சொன்னது:

"நான் நிக்கறேன்."

"எங்க?"

"கிரேவிகிட்ட."

லவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஓர்லின், உனக்குச் சட்டைப் பொத்தானே தைக்கத் தெரியாது."

"மூட்டை தைப்பேன்ல?"

அந்த மூட்டைதான் பின்னால் வினையாக வந்தது.

மறுநாளே பாடம் ஆரம்பமானது. செர்ரிப் பழம் போட்ட பருத்தித் துணி. சமையலறை ஜன்னல் திரைக்கு வாங்கியதில் மிஞ்சியது. லவான் இடது கையால் சுட்டிக்காட்ட, ஓர்லின் தரையில் மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினான். வெட்டியது ஒழுங்காக வந்தது. மெஷினில் உட்கார்ந்தபோதுதான் கூத்து.

"பெடலை மெதுவா மிதி."

"மெதுவாத்தான மிதிக்கறேன்."

மெஷின் கத்திக்கொண்டு ஓடியது. துணி சுருண்டு ஊசிக்கடியில் போய்ச் சிக்கியது, ஊசி பட்டென்று முறிந்தது. நூல் சுற்றிய பாபின் தரையில் உருண்டு அடுப்புக்கடியில் போக, அதன் பின்னாலேயே ஓர்லினும் தவழ்ந்து போனான்.

"இது டிராக்டர் இல்ல ஓர்லின். சேத்துல மாட்டின மாதிரி மிதிக்காதே."

"சேத்துல மாட்டினா மிதிக்கக் கூடாது. உனக்குத்தான் டிராக்டரே தெரியல."

"சரி, தெரியாது. நீ ஊசியைப் பாரு. ஊசியை மட்டும் பாரு."

ஊசியைப் பார்த்தான். தையல், குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் போல அங்கும் இங்கும் போனது. பிரித்தார்கள். மறுபடியும் அடித்தான், மறுபடியும் பிரித்தார்கள். செவ்வாய், புதன் முழுக்க, பால் கறந்து முடித்த நேரமெல்லாம் இதே கதை. துணியில் ஊசித்துளைகள் விழுந்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை லவானே சலித்துப் போனாள்.

"விட்டுடு ஓர்லின். மார்லிஸ் அக்காவே நின்னுட்டுப் போகட்டும்."

ஓர்லின் ஜன்னல் வழியாகத் தன் சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சோள வரிசைகள் மாவட்டத்திலேயே நேரானவை. கார்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். விதைக்கும்போது டிராக்டரின் முன் சக்கரத்தை யாராவது பார்ப்பார்களா? பார்த்தால் வரிசை கோணும். காட்டின் மறுகோடியில் ஒரு வேலிக்கம்பத்தைக் குறி வைத்துக்கொண்டு அதையே பார்த்து ஓட்ட வேண்டும். சக்கரம் தானாக நேரே போகும்.

எழுந்து போய் ஒரு குண்டூசி எடுத்து வந்தான். துணியின் மறுமுனையில் குத்தினான். ஊசியை விட்டுவிட்டு அந்தக் குண்டூசியைப் பார்த்துக்கொண்டு பெடலை மிதித்தான்.

தையல் கோடு கிழித்தது போல நேரே வந்தது.

லவான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"மோசமில்ல," என்றாள் கடைசியில்.

நோர்டாலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. பிள்ளை பிறந்தாலும் மோசமில்ல, விளைச்சல் அமோகமாக வந்தாலும் மோசமில்ல. ஓர்லின் அன்று கொட்டகைக்குச் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

வெள்ளிக்கிழமைக்குள் மார்புப்பட்டி, இடுப்புப் பட்டை, நாடா, பை எல்லாம் முடிந்துவிட்டன. மீதி கீழ் ஓரம். அதை மெஷினில் அடிக்க முடியாது. ஓரம் கைத்தையலாகத்தான் இருக்க வேண்டும் என்பது போர்கில்ட் அம்மாவின் கட்டளை.

சனிக்கிழமை மத்தியானம், சமையலறை ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஓர்லின் ஓரம் தைத்துக்கொண்டிருந்தான். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு தையலாக. கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி. ஒரு சாண்தான் பாக்கி.

போன் அடித்தது.

லவான் இடது கையால் எடுத்தாள். "ஐலீனா? சொல்லும்மா!"

ஓர்லின் தலை நிமிரவில்லை. ஆனால் காது அங்கே போய்விட்டது.

"இன்னிக்கா? பஸ்லயா? சரி, நேரா சர்ச்சுக்கே வந்துடு. என்ன விஷயம்? போன்ல வேணாமா... ஆமாமா, போன்ல வேணாம்." லவான் குரலை ஏற்றினாள். "மார்லிஸ் அக்கா, அடுப்புல ஏதோ தீயற வாசனை வருது பாருங்க!"

"இங்க ஒண்ணும் தீயலையே!" என்றது போன்.

அந்தச் சாலையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம். கேட்கக் கூடாது என்பது மரியாதை. மார்லிஸ் மரியாதையை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்திருந்தாள். 'டக்'கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"ஐலீன் வர்றாளாம்," என்றாள் லவான்.

"ம்."

"ஏதோ பேசணுமாம்."

"ம்."

என்ன பேச வருகிறாள்? கல்யாணமா? வேலை போய்விட்டதா? இல்லை, பழைய சண்டையையே மறுபடி ஆரம்பிக்கப் போகிறாளா? யோசனை போன பக்கம் கை போகவில்லை. தூக்கிப் பிடித்த துணி மெல்ல மெல்ல இறங்கி வலது தொடையில் படுத்துக்கொண்டது. கை தானாகத் தைத்தது. எப்படிப் பழக்கமோ அப்படித் தைத்தது. ஆழமாகக் குத்தி, இழுத்து, மூட்டைக்குப் போடுவது போல ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு. பண்ணைக் கால்சட்டையான நீல ஓவரால்ஸுக்கு உள்ளே தடித்த சிவப்புக் கம்பளி உள்ளாடை வேறு. ஊசி எங்கே போய் வருகிறது என்று தொடைக்கு எப்படித் தெரியும்?

"முடிஞ்சுது," என்றான். நூலைப் பல்லால் கடித்தான். "கிளம்பு."

எழுந்தான். ஏப்ரனும் கூடவே எழுந்தது.

உதறினான். விழவில்லை. இழுத்தான். ஓவரால்ஸ் கால் அதோடு சேர்ந்து மேலே வந்தது.

லவான் பார்த்தாள். ஓர்லின் அவளைப் பார்த்தான். பிறகு லவான் சிரிக்க ஆரம்பித்தாள். கை முறிந்த நாளிலிருந்து சிரிக்காதவள், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

"சிரிக்காதே. பிரிச்சு விடு."

"அய்யோ, ஒத்தக் கையால எப்படிப் பிரிப்பேன்? பன்னெண்டு மாசம் ஆகும். இது முடிச்சா, வேலிக்கம்பியா?" மறுபடி சிரிப்பு. "எல்லாத்தையும் பிரிச்சா அந்த ஓரம் போச்சு. திரும்பத் தைக்க நேரம் ஏது? போர்கில்ட் அம்மா கதவைச் சாத்திட்டா அப்புறம் ஆண்டவரே வந்தாலும் சாப்பாட்டு ஹால்லதான் உட்காரணும்."

"அப்ப?"

சிரிப்பு நின்றது. லவான் கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள். "ஓவரால்ஸை வெட்டு."

ஓர்லின் தன் தொடையைத் தானே வெட்டிக்கொள்கிற முகத்தோடு வெட்டினான். ஒரு சாண் நீளத்துக்கு நீலத்துணி ஏப்ரன் ஓரத்தோடு போய்விட்டது. அந்த இடத்தில் சிவப்புக் கம்பளி ஜம்மென்று தெரிந்தது.

"வேற பேன்ட்?" என்றாள் லவான்.

"ஞாயித்துக்கிழமை பேன்ட்டை நான்தான் நேத்து துவைச்சேனே. கொடியில பனிக்கு விறைச்சுப் போய்ப் பலகை மாதிரி நிக்குது. இன்னொரு ஓவரால்ஸ் முழுக்க கிரீஸ்."

லவான் ஏப்ரனை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஏப்ரன் முட்டி வரை இறங்கியது. ஓட்டை மறைந்தது. நீலத்துணி உள்பக்கம் ஒளிந்துகொண்டது.

"கழற்றாத வரைக்கும் ஒண்ணும் தெரியாது," என்றாள்.

"போர்கில்ட் அம்மா புது ஏப்ரனைக் கழற்றிப் பார்ப்பாங்களா?"

லவான் காரைப் பார்த்து நடந்தாள். "பார்ப்பாங்க," என்றாள் திரும்பாமலே.

சர்ச்சின் நிலவறையில் சமையலறை. ஓர்லின் உள்ளே காலடி எடுத்து வைத்ததும் அத்தனை கரண்டிகளும் நின்றன. அந்தக் கதவைத் தாண்டி ஒரு ஆண், மேசை தூக்க அல்லாமல், வந்ததே இல்லை. செர்ரிப் பழ ஏப்ரனோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியைப் பரிசுக்குக் கொண்டுவந்தவன் போல நின்றான். லவான் வாசற்படிக்கு வெளியே. ஏப்ரன் கட்டாதவள் உள்ளே வரக்கூடாது, அவளாக இருந்தாலும்.

மார்லிஸ் கிரேவி அடுப்பைப் பற்றவைத்து முன்கூட்டியே கரண்டியைக் கையில் பிடித்திருந்தாள்.

"வாங்க தம்பி. மேசை எல்லாம் மேலயே இருக்கு."

"மேசை தூக்க வரல அண்ணி. லவான் இடத்துக்கு வந்திருக்கேன்."

யாரோ பின்னால் 'க்ளுக்'கென்றார்கள். போர்கில்ட் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தார். சின்ன உடம்பு. ஆனால் அவர் நடந்து வந்தால் பெரிய உடம்புகள் ஒதுங்கும்.

"இதை யார் தைச்சது?"

"நான்."

போர்கில்ட் அம்மா பட்டையைப் பார்த்தார். பையின் ஓரத்தை நகத்தால் நெருடினார். புருவம் ஏறியது.

"ரொம்ப நேரா இருக்கே."

"அதானே!" மார்லிஸுக்குக் குரல் கிடைத்தது. "இந்த நேர்த் தையலைப் பாருங்க. என் தையலே இப்படி வராது. கொழுந்தனார் முதல் தடவை மெஷின்ல உட்கார்ந்து இப்படித் தைச்சார்னா யார் நம்புவா? ஐலீன் ஊர்லேர்ந்து தைச்சு அனுப்பியிருப்பா. தப்பா சொல்லல, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வாசலில் லவானின் முகம் வெளுத்தது. தையல் கோணலாக இருந்தால் ஆபத்து என்று பயந்துகொண்டிருந்தார்கள். நேராக இருப்பது ஆபத்தாகும் என்று யார் கண்டது?

"கழற்று," என்றார் போர்கில்ட் அம்மா. "உள்பக்கம் பார்க்கணும்."

"முடியாது."

போர்கில்ட் அம்மாவிடம் 'முடியாது' என்று சொன்ன கடைசி ஆள் வேறு சர்ச்சுக்குப் போய்விட்டார்.

"பார்த்தீங்களா?" என்றாள் மார்லிஸ். "மடியில கனம்."

மடியில் கனம் இல்லை, ஓட்டைதான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது? ஓர்லினின் கழுத்து சிவந்தது, காது சிவந்தது. கழற்றினால் மானம் போகும். கழற்றாவிட்டால் லவானின் அடுப்பு போகும். அவன் வாசலைப் பார்த்தான். லவான் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் யார் முன்னாலும் தலை குனிந்து அவன் பார்த்ததில்லை. அதை அவனால் தாங்க முடியவில்லை.

கைகளைப் பின்னால் கொண்டுபோய் நாடாவை அவிழ்த்தான். ஏப்ரனைக் கழற்றி போர்கில்ட் அம்மாவிடம் நீட்டினான்.

சிவப்புக் கம்பளி, சமையலறை முழுவதற்கும் தரிசனம் தந்தது.

உருளைக்கிழங்குப் பக்கம் ஒருத்தி சிரிப்பை அடக்கத் தன் ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டாள். போர்கில்ட் அம்மா சிரிக்கவில்லை. ஏப்ரனை உள்பக்கம் திருப்பினார். கீழ் ஓரத்தோடு முடிச்சுமேல் முடிச்சாகத் தைக்கப்பட்டிருந்த ஒரு சாண் நீலத்துணியைப் பார்த்தார். ஓர்லினின் தொடையைப் பார்த்தார். குனிந்து, நீலத்துணியை ஓட்டையோடு வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"உட்கார்ந்து மடியில வச்சுத் தைச்சியா?"

"ம்."

"மூட்டை தைக்கிற மாதிரி?"

"ம்."

"ஓவரால்ஸோட சேர்த்து?"

அதற்குக் கம்பளியே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

போர்கில்ட் அம்மா நிமிர்ந்தார். மார்லிஸைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மார்லிஸ், தைக்கத் தெரிஞ்ச எந்தக் கையும் இந்தத் தப்பைப் பண்ணாது. ஐலீனும் பண்ண மாட்டா, நீயும் பண்ண மாட்டே. இதை இவன்தான் தைச்சான். கரண்டியை அவன்கிட்ட குடு."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. சாப்பாட்டு ஹாலில் காத்திருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். லவான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

"முதல்ல ஏப்ரனை மாட்டு," என்றார் போர்கில்ட் அம்மா. "சர்ச்சுல இருக்கோம். அந்த நீலத்துணியைப் பிரிச்சுடாதே, அது அங்கயே இருக்கட்டும்."

கரண்டி கை மாறியது. மார்லிஸ் பக்கத்து அடுப்புக்குப் போய், உருளைக்கிழங்கை அது ஏதோ அவளுக்குத் துரோகம் செய்துவிட்டது போலக் குத்தி மசித்தாள்.

ஓர்லின் அடுப்பின் முன் நின்றான். உருண்டை வறுத்த நெய் கொப்பளித்தது. மாவைப் போட்டுக் கிளறினான். எவ்வளவு சிவக்க வேண்டும் என்று லவான் அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லி அனுப்பியிருந்தாள்: நம் ஜெர்சிக் கன்றுக்குட்டி நிறம், அதற்கு மேல் ஒரு நொடிகூடக் கூடாது. வெளிர் நிறம், மணல் நிறம், பிறகு... கன்றுக்குட்டியே வந்து நின்றது. குவளையைத் தூக்கிப் பாலை மொத்தமாக ஊற்றப் போனான்.

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க தம்பி," என்று பக்கத்து அடுப்பு உறுமியது. "கட்டி தட்டிடும்."

ஓர்லின் திரும்பிப் பார்த்தான். மார்லிஸ் உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல கிரேவி கெட்டுப் போறதைப் பார்த்துட்டு என்னால நிக்க முடியாது. அவ்வளவுதான். உடனே ரொம்ப நெகிழ்ந்து போயிடாதீங்க."

"சரி அண்ணி."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். விடாமல் கிளறினான். கிரேவி ஒரு கட்டிகூட இல்லாமல் பட்டுப்போல இளகி, கரண்டியின் முதுகில் படர்ந்தது. போர்கில்ட் அம்மா வந்து ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார். கூரையைப் பார்த்தார்.

"மோசமில்ல," என்றார்.

பரிமாறும் ஜன்னல் திறந்தது. ஓர்லின் பானையோடு அங்கே போய் நின்றான். சிவப்புக் கம்பளிச் செய்தி அவனுக்கு முன்பே வரிசை முழுக்கப் போய்விட்டிருந்தது. வந்தவர்கள் தட்டை நீட்டிவிட்டு அவன் மடியையும் ஒரு பார்வை பார்த்தார்கள். கென்னத் வந்து, "என்னடா தம்பி, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன்" என்றான். "உன் புது டிராக்டர் நிறத்துல தைச்சுடறேன்" என்றான் ஓர்லின். மாடுகள் தவிர வேறு யாரும் அவனிடம் இவ்வளவு பேச்சு கேட்டதில்லை.

கிரேவி ஜன்னலுக்கு முன்னால் வரிசை நகர மறுத்தது. இன்னொரு கரண்டி கேட்டு ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

லவான் தன் முறைக்குக் காத்திருந்து வந்தாள். இடது கையில் தட்டு. அவன் ஊற்றினான். அவள் ஓரமாகப் போய் உட்காரவில்லை. அங்கேயே, ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்து, நின்றபடி ஒரு வாய் சாப்பிட்டாள். ஓர்லினின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பின்னால் மசிக்கும் சத்தமும் நின்றது.

"மோச..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். விழுங்கினாள்.

"இல்ல. நல்லா இருக்கு, ஓர்லின்," என்றாள். "என்னோடது அளவுக்கு இல்ல. ஆனா ரொம்ப நல்லா இருக்கு."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. இப்போது ஊர் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி வந்து நின்றது. சந்தோஷம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று ஓர்லினுக்குத் தெரியாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செர்ரிப் பழங்களைப் பார்த்தான்.

"அடுத்தது!" என்று உள்ளேயிருந்து போர்கில்ட் அம்மா குரல் கொடுத்தார்.

அடுத்த தட்டை நீட்டிய கையை அவனுக்குத் தெரியும். நிமிர்ந்தான்.

ஐலீன். பஸ் தூசியோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல். அவளுக்குப் பின்னால் மாடிப்படியின் அடியில் ஒரு பெட்டி நின்றது. ஒரு ராத்திரி தங்குவதற்கான பை இல்லை. வீட்டை விட்டுப் போன அன்று தூக்கிக்கொண்டு போன அதே பெரிய பெட்டி.

அவள் ஏப்ரனைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை, தையல் தையலாக.

"நீ தைச்சதாப்பா?"

"ம்."

"கிரேவி?"

"ம்."

"சமையல்கட்டு ஆம்பளைங்க இடமா?"

ஓர்லினிடம் 'ம்' தீர்ந்துபோயிருந்தது. லவான் தட்டை வைத்துவிட்டு மகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் திரும்பிப் போறதுக்கு வரலப்பா," என்றாள் ஐலீன். கண் அவனை விடவில்லை. "நாளைக்குக் காலையில பால் கறக்க உன்னோட வர்றேன். எனக்கு ஒரு ஓவரால்ஸ் குடு. ஓட்டை இல்லாததா."

வரிசை அசையவில்லை. பின்னால் மார்லிஸின் மத்து அசையவில்லை. விருந்து முழுவதும் கரண்டியை வைத்துவிட்டு ஓர்லின் ஹவ்கனின் வாயைப் பார்த்தது.

ஓர்லின் கரண்டியைப் பானையில் அமிழ்த்தி எடுத்தான். மகளின் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினான். யாருக்கும் ஒரு தடவையில் ஒன்றுக்கு மேல் ஊற்றாதவன், மறுபடி அமிழ்த்தி, இன்னொரு கரண்டி ஊற்றினான். கிரேவி தட்டின் விளிம்பு வரை வந்து நின்றது.

"முதல்ல சாப்பிடு," என்றான். "கொட்டகையில வேலை ஜாஸ்தி."